மூன்று வரிசையில் வந்த வேலைநிறுத்தம்

திருப்பூர்,
17-9-1969, புதன்.

மதிப்பிற்குரிய மச்சான் அலாவுதீன் அவர்களுக்கு, சேக் தாவூது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் பிள்ளைகளும் காங்கேயத்து எண்ணெய் மில்லும் ஒரு குறையுமில்லாமல் இருக்க துஆச் செய்கிறேன். இங்கே உங்கள் தங்கை சைதுன்னிசா சுகம், பிள்ளைகள் சுகம். நானும் சுகம் என்று எழுதினால் அது பொய்; நோன்பு இல்லாத மாதத்திலும் பொய் பொய்தான்.

பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவன் பனியன் கம்பெனி வைத்தால் முதலில் என்ன வாங்குவான்? விசில் வாங்குவான். நானும் வாங்கினேன். எட்டு மணிக்கு வரச் சொன்னால் ஆட்கள் ஒன்பதுக்கு வந்தார்கள். வெளியே போனால் அவிநாசித் தேர் பார்க்கப் போனவர்கள் மாதிரி திரும்பி வருவதே இல்லை. இது ஆகாது என்று தினமும் காலையில் வாசலில் மூன்று வரிசையாக நிறுத்தி, எண்ணி, லெஃப்ட் ரைட் போடவைத்து உள்ளே அனுப்பினேன். ஆறு வருஷம் மச்சான்! இடது கால் எது என்று தெரியாதவனையெல்லாம் தொண்டை கிழியக் கத்தி மனிதனாக்கினேன். அதிலும் கட்டிங் மாஸ்டர் மாரப்பனின் கூன் முதுகை என் கையாலேயே நிமிர்த்தி முன்னால் நிறுத்தினேன். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது.

காலையும் மாலையும் பத்து நிமிஷம் டீக்கு விடவேண்டுமென்று திங்கட்கிழமை முதல் ஊர் முழுக்க வேலைநிறுத்தம். அன்றைக்கு ஊர்வலம் வந்தபோது முதலாளிகள் நாங்கள் பதினைந்து பேர் எங்கள் சங்கத்து மாடி வராந்தாவில் வரிசையாக நின்று முறைத்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் சிரிக்கக் கூடாது, கை காட்டக் கூடாது என்பது தலைவர் சுப்பண்ணன் உத்தரவு. மற்ற கம்பெனி ஆட்கள் சந்தைக் கூட்டமாகக் கத்திக்கொண்டு போனார்கள். கடைசியில் என் ஆட்கள் அறுபது பேர் வந்தார்கள். மூன்று வரிசை, ஒரே கால், கோஷம்கூடத் தாளம் தப்பவில்லை. எங்களுக்கு நேராக வந்ததும் மாரப்பன் "ஐஸ் ரைட்!" என்றான். அறுபது தலைகளும் ஒரே வெட்டாக என் பக்கம் திரும்பின. நான் என்ன செய்வேன் மச்சான்? குதிகால் தானாக ஒட்டிக்கொண்டது, கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. கடைசி ஆள் தாண்டும்வரை இறக்கவில்லை, அதுதான் முறை. நான் பழக்கிய ஒரு படை இப்படி என்னைத் தாண்டிப் போய் இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. அதில் பாதிப் பேர் ஜப்பான்காரனோடு சண்டை போட்ட பர்மாவின் அரக்கான் காட்டிலேயே கிடக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் சங்கத்தார் பார்த்துவிட்டார்கள்.

"ஏனுங்க ராவுத்தரே, நீங்க மொதலாளிங்களா தொழிலாளிங்களா?" என்று சுப்பண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார். "பழக்க தோசமுங்க" என்றேன். "நாளைக்குக் கொடியக் குடுத்தா அதையும் புடிப்பீங்களாட்ட இருக்குது!" என்றார். சாயங்காலம் மாரப்பனைப் பிடித்துத் திட்டினால் அவன், "மேலதிகாரியத் தாண்டறப்ப மூஞ்சியத் திருப்பாமப் போறவன் மனுசனே இல்லைன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? சங்கடமா இருந்தா வேற ரோட்டுல போறமுங்க மொதலாளி" என்கிறான். வீட்டிலோ உங்கள் தங்கை, "ஜப்பான்காரனுக்குத் தூக்காத கையை டீ கேக்கறவங்களுக்குத் தூக்கிட்டு வந்திருக்கீங்க" என்று சோற்றைத் தட்டில் கொட்டிவிட்டுப் போகிறாள்.

தவறு என் மேல்தான், ஆட்களோடு எனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை என்று வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன் எழுதிக்கொடுக்க வேண்டுமாம்; இல்லையென்றால் சங்கத்திலிருந்து பெயரை அடித்துவிடுவார்களாம். சங்கம் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு நூல் கிடைக்கும். நூல் இல்லையென்றால் கம்பெனியை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். சுப்பண்ணன் உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவர். தயவுசெய்து நாளைக்கே பஸ் ஏறி வந்து, எங்கள் மச்சான் கண்டிப்பானவர், இனி அவர் கை இடுப்புக்கு மேல் எழும்பாது என்று அவரிடம் உறுதி சொல்லுங்கள்.

அல்லாஹ் உங்கள் மில்லுக்கு பரக்கத்தும் உங்கள் ஆட்களுக்கு மறதியும் தருவானாக. மதினிக்கு சலாம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
மாஜி ஹவில்தார் சேக் தாவூது.

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் ஊர்வலம் மறுபடியும் போயிற்று. என் ஆட்களைப் பார்த்து ஆசைப்பட்டு மற்ற கம்பெனிக்காரர்களும் பின்னால் சேர்ந்துவிட்டார்கள், முந்நூறு பேர் இருக்கும். திருப்பத்தில் பாதிப் பேர் கால் தப்புகிறார்கள், மாரப்பனுக்குச் சமாளிக்கத் தெரியவில்லை. இந்தக் கண்ணராவியைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. நாளைக் காலை ஆறு மணிக்கு எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொல்லிவிட்டேன். நீங்கள் பஸ் ஏற வேண்டாம். சுப்பண்ணனைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: முந்நூறு பேரில் அவருடைய ஆட்கள்தான் ரொம்ப மோசம்.