காணாமல் போன பதிவுகள் குறித்து, சோதனை ஆள் எழுதுவது

மதிப்பிற்குரிய தலைமை நூலகர் ஐயா அவர்களுக்கு, உங்களிடம் வேலை பார்க்கும் பெண்ணின் பாட்டி எழுதிக்கொண்டது. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே முழங்கால் தவிர எனக்கு மற்றதெல்லாம் சுகம். பேத்திக்குத்தான் சுகமில்லை. காரணம், நீங்கள் திங்கட்கிழமைக்குள் கேட்டிருக்கும் விளக்கக் கடிதம்.

ஐயா, நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அந்த மேற்கோள் பட்டியல் மென்பொருளைப் பற்றி உங்கள் குழுவின் ஆறு பேரைவிட எனக்கு அதிகம் தெரியும். அவர்கள் கூட்டத்தன்றுதான் பேசுகிறார்கள், இவள் சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் அதையேதான் பேசுகிறாள். ஆராய்ச்சிக்காரர்கள் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள் என்பதைச் சேர்த்துவைத்து, கடைசியில் வரிசையாகப் போட்டுக் கொடுப்பது அது. பழையதே போதுமா, புதியதற்கு மாறலாமா என்று ஐந்து மாதமாக யோசிக்கிறீர்கள். ஏழு கூட்டம். ஒருவர் பழையது என்கிறாராம், ஒருவர் புதியது என்கிறாராம், மூன்றாமவர் எதற்கும் ஒரு துணைக்குழு போடலாம் என்று சொல்லிவிட்டுத் தேநீர் வந்ததா என்று வாசலைப் பார்க்கிறாராம். நாங்கள் மூன்று முறை வீடு மாறியிருக்கிறோம், மூன்றுக்கும் சேர்த்து இவ்வளவு பேசியதில்லை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அப்புறம், இதைத் தொட்டே பார்க்காத ஒருவரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்றீர்களாம். நூலகத்தில் அப்படி ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை என் முன்னால் வைத்து, "பாட்டி, நீதான் சோதனை ஆள். ரெண்டு புத்தகத்தைச் சேர்த்துக் காட்டு, போதும்" என்றாள். சேர்த்தேன், சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வந்தது. அவள் துணி காயப்போட மாடிக்குப் போனதும் அது என்னைக் கேட்டது, இந்த இரண்டு பதிவும் ஒன்றுபோல் இருக்கின்றன, இணைக்கலாமா என்று. பார்த்தால் ஒரே ஆள் எழுதிய இரண்டு புத்தகம். ஒரே ஆள் எழுதியது எதற்கு இரண்டு இடத்தில் கிடக்க வேண்டும், என் அலமாரியில் டப்பாக்களை அப்படியா வைத்திருக்கிறேன்? சரி என்று அமுக்கினேன். அடுத்த ஜோடியைக் காட்டியது. இவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் எதையும் கேட்டு வருஷக்கணக்காகிறது ஐயா, மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. கேட்கக் கேட்க அமுக்கினேன், விரல் வலித்ததும் மூடிவைத்தேன்.

புதன்கிழமை பார்த்தால், நூலகத்தில் எல்லோருக்கும் பொதுவாக அதில் வைத்திருந்த ஆயிரத்து இருநூற்று நாற்பது பதிவில் முந்நூற்றுப் பன்னிரண்டுதான் மிச்சமாம்.

"பாட்டி, நீ எதையாவது தொட்டியா?"

"நான் எங்கடி தொட்டேன்? அதுதான் இணைக்கலாமா, இணைக்கலாமான்னு கேட்டுச்சு."

"கேட்டா?"

"பாவம், சரின்னேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விளக்கம் சரியில்லை என்றால் வேலை நிரந்தரம் ஆகாதாம். என் பெயரை எழுதடி என்றால், "உன்னை மாட்டிவிட்டு எனக்கு ஒரு வேலையா? பேசாம போய்ப் படு" என்கிறாள். இரண்டு நாளாகத் தட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது. அதனால் நானே எழுதுகிறேன். தப்பு முழுக்க என்னுடையது, என்னை மன்னித்து அவள் வேலையை நிரந்தரம் செய்யுங்கள். பழையதோ புதியதோ, எதையாவது ஒன்றை முடிவு பண்ணி எங்களைத் தூங்க விடுங்கள்.

உங்களுக்கு நீண்ட ஆயுளும், குழுவுக்கு எட்டாவது கூட்டத்தோடு விடுதலையும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
சோதனை ஆள்

பின்குறிப்பு: உறையில் போடும்முன் பேத்தி இதை வாங்கிப் படித்தாள். "விரல் வலிக்கிற வரைக்கும்னா எத்தனை தடவை பாட்டி?" என்றாள். பத்து இருபது இருக்கும் என்றேன். உடனே மடிக்கணினியைத் திறந்தாள். யார், எப்போது, எதை அமுக்கினார்கள் என்று அது எழுதிவைத்திருக்கிறதாம். ஞாயிறு மாலை நான் இணைத்தது பத்தொன்பது. செவ்வாய் காலை பதினொன்றரைக்கு, 'எல்லாவற்றையும் இணை' என்ற ஒரே அமுக்கில், மீதித் தொள்ளாயிரத்து ஒன்பது. பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறது ஐயா. ஆகவே மேலே கேட்ட மன்னிப்பில் பத்தொன்பதுக்கு உண்டானதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பவும். விளக்கக் கடிதம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் பேத்தியைக் கேளுங்கள், அவள் நாலு விதமாக எழுதிப் பார்த்து வைத்திருக்கிறாள்.