வட்டத்தாருக்குக் கிருமி உயிரோடு வேண்டும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ போர்க்கப்பல்கள் வந்து போயிருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் பயப்படாத எங்கள் தெரு, வட்டத்தாரைக் கண்டால் மட்டும் ஒழுங்கைக்குள் ஒளிந்துகொள்ளும்.

துறைமுகப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றில் மலம் பரிசோதிப்பவர் அவர். ஆட்களின் பெயர் அவருக்கு நினைவில் நிற்காது, வயிறு நிற்கும். சந்தையில் பாரைமீனுக்கு விலை பேசிக்கொண்டிருப்பீர்கள். பின்னாலிருந்து குரல் வரும்: "தம்பி, இப்ப இறுக்கமாப் போகுதோ?" ஒருமுறை மணவறையில் இருந்த மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டார். அவனும், பாவம், "ஓம்" என்று தலையாட்டினான்.

வட்டம் என்ற பெயர் வேலையால் வந்தது. கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அதன்மேல் மருந்து தோய்த்த சின்னக் கடதாசிப் பொட்டுகளை வைப்பார். மருந்துக்குக் கிருமி செத்தால் பொட்டைச் சுற்றி வெறும் வட்டம் தெரியும். கிருமி மசியாவிட்டால் வட்டம் இல்லை. வட்டத்தை அளக்கிற கோலால் தேநீர்க்கடை வடையையும் அளப்பார்.

போன வருடம் என் ஆறு வயது மகளுக்கு இரத்தமும் சளியுமாக வயிற்றோட்டம், கூடவே காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்துக்கு எதுவும் குறையவில்லை. எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க, மலத்தை வட்டத்தாரிடம் கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

என் மனைவிக்குச் சுத்தம் என்றால் உயிர். ஆய்வுகூடம் தந்த டப்பியை, எத்தனை பேர் பிடித்ததோ என்று, கிருமிநாசினி விட்டு அலசித்தான் அதில் எடுத்துத் தந்தாள். வட்டத்தார் மூடியைத் திறந்தார். வாசனை நன்றாக இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"கிருமியை உயிரோட கேட்டனான். நீங்கள் பிணத்தைக் கொண்டந்து தாறீங்கள்!"

ஒரு நாள் வீணாகிவிட்டது. புது டப்பியில் மறுபடி கொடுத்துவிட்டு, பின்னேரமே போய் நின்றேன்.

"முடிவு வந்திட்டோ அண்ணை?"

"ஏலாது தம்பி. கிருமி வளரோணும்."

"பிள்ளைக்குள்ள வளர்ந்தது போதாதோ?"

"சத்தம் போடாதேங்கோ. நானும் அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளின் கண்கள் குழிவிழுந்து கிடந்தன. பிள்ளையை வதைக்கிற கிருமி நன்றாக வளர வேண்டும் என்று கோணேசருக்கு நேர்த்தி வைத்த ஒரே தகப்பன் நானாகத்தான் இருப்பேன்.

கடைசியில் ஒரு காலை, தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். முதல் பொட்டைச் சுற்றி வட்டமில்லை.

"இது கேக்காது." அடுத்ததைத் தொட்டுக் காட்டினார். "இதுவும் கேக்காது."

அது மகளுக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்து. ஓரத்துப் பொட்டு ஒன்றைச் சுற்றி மட்டும் அகலமான வட்டம். அளந்தார். திரும்பவும் அளந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை அளந்தார்.

"அண்ணை, டாக்டருக்குச் சொல்லுங்கோ!" என்று கத்தியே விட்டேன்.

"பிழையாச் சொன்னாப் பிள்ளை போயிடும் தம்பி." அளந்து முடித்த பிறகுதான் போனை எடுத்தார்.

மருந்தை மாற்றினார்கள். மறுநாள் காய்ச்சல் விட்டது. மகள் கஞ்சி கேட்டாள். ஆய்வுகூடத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். வட்டத்தார் கதிரையில் அப்படியே சாய்ந்தார். மேசையில் அவருடைய இடியப்பப் பார்சல், நேற்று வாங்கியது, பிரிக்காமல் கிடந்தது.

"அப்ப இனி நானும் சாப்பிடலாம்" என்று அதற்குக் கையை நீட்டினார்.

அந்த மனிதரின் வயிறு கெட்டால் இந்த ஊர் தாங்காது. பார்சலைப் பறித்து எறிந்துவிட்டு, கடைக்குக் கூட்டிப்போய்ச் சூடாகச் சோறு வாங்கிக் கொடுத்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எழும்ப மனமில்லாமல் பக்கத்திலேயே இருந்தேன்.