ஜெனரல் ஷிப்ட் கெண்டைகள்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் பொதுநலன் கருதி எடுத்த எத்தனையோ முயற்சிகளில், குளத்தை நீலமாக்கும் முயற்சி ஒன்றுதான் முழு வெற்றி பெற்றது. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அந்த வெற்றியில் எனக்கும் பங்கு உண்டு என்பதை அடக்கத்தோடு இங்கே பதிவு செய்கிறேன்.

நெய்வேலி நகரியத்தில் பிளாக்கை வட்டம் என்போம்; எங்கள் வட்டத்துக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. பச்சையாக இருக்கும். இருபத்தாறு வருடமாக நான் முதல் ஷிப்டுக்குப் போகும்போதும் பச்சை, ஜெனரல் ஷிப்ட் முடிந்து வரும்போதும் பச்சை. யாரும் அதில் குறை கண்டதில்லை. ஆனால் என் மகள் காயத்ரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முன்பே பெண்ணும் மாப்பிள்ளையும் தண்ணீர் ஓரமாக ஓடிப்பிடித்து விளையாடுவதைப் படம் எடுக்கும் நாகரிகம் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பாண்டிச்சேரியிலிருந்து வந்த போட்டோகிராபர் குளத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பச்சை இப்ப ஓடல சார். எல்லாரும் ப்ளூதான் கேக்குறாங்க."

"குளம்னா பச்சையாத்தானேப்பா இருக்கும்?"

"உங்க குளம் இருக்கு சார்."

அந்த 'உங்க' என்னைச் சுட்டுவிட்டது. அன்று மாலையே அவசரக் கூட்டம் கூட்டினேன். பாசி படர்ந்த குளத்தால் வட்டத்தின் கௌரவம் பாதிக்கப்படுவதாக மனு தயாரானது. நூற்றுப் பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

மனு போன இடம் நன்னீர் உயிர்நலச் சோதனை அலுவலகம். மந்தாரக்குப்பம் போகும் வழியில் இரண்டு அறை, ஆறு கண்ணாடித் தொட்டி, ஒரு டாக்டர். டாக்டர் என்றால் மீனைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். பெயர் செந்தில்நாதன். எந்த ஃபைலையும் திருப்பி அனுப்ப மாட்டார், எந்த ஃபைலையும் படிக்கவும் மாட்டார். அப்படிப்பட்ட நல்ல மனிதர்.

"பாசிதானே? மயில்துத்தம் போட்டா போயிடும்" என்றார். மயில்துத்தம் என்பது செம்பு உப்பு; தோட்டத்தில் பூஞ்சைக்கு அடிப்பார்களே, அந்த நீலக் கல். "தண்ணியும் ப்ளூவாகும். ஆனா குளத்துல மீன் இருக்கு. அதனால ரூல்படி டெஸ்ட் வச்சுட்டுத்தான் போட முடியும்."

குளத்தில் இருந்த மீன் ஆதிலட்சுமியுடையது. வளையமாதேவிப் பக்கம் அடுத்தவர் வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தவர். வயலெல்லாம் சுரங்கத்துக்குப் போனதும், வயல் வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு என்று பேசுவதற்காவது ஏதோ இருந்தது. இவருக்கு அதுவும் இல்லை. மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வந்து, குளத்தைக் குத்தகை எடுத்து, ஆடியில் கெண்டைக் குஞ்சு விட்டுத் தையில் பிடித்து விற்கிறார். விஷயம் காதில் விழுந்ததும் நேராக என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"சார், அது பயிருக்கு அடிக்கிற மருந்து. மீனுக்கு ஆவாது சார்."

"அதுக்குத்தாம்மா டெஸ்ட் வைக்கிறாங்க. தொட்டியில மருந்து கலந்து, மீன விட்டு, நாலு நாள் பாப்பாங்க. சாகுதுன்னா போட மாட்டாங்க."

"மீனு சாவுதான்னு பாக்க, மீனயே சாவடிச்சுப் பாப்பாங்களா?"

"கொஞ்சம் மீனைத்தாம்மா. இதெல்லாம் அறிவியல்."

அறிவியல் என்று சொல்லும்போது நான் குரலைச் சற்று இறக்கினேன். அதற்கு மேல் அவர் என்ன பேச முடியும்? சோதனைக்கு மீன் வேண்டும் என்று அலுவலகம் கேட்டபோது தன் குளத்திலிருந்தே அறுபது கெண்டையைப் பிடித்துக் கொடுத்தார். "நல்லா பாத்துச் சொல்லச் சொல்லுங்க சார். அந்தக் கொளத்த வுட்டா எனக்கு வேற எதுவும் இல்ல" என்றார். நான் பொறுப்போடு தலையாட்டினேன்.

சோதனை தொடங்கும் நாளில் மனுதாரர்கள் சார்பில் பார்வையாளராக நானும் போனேன். தொட்டிக்குப் பத்து மீன். முதல் தொட்டியில் வெறும் தண்ணீர், மற்ற ஐந்தில் வர வர அதிகமாக மயில்துத்தம். தொண்ணூற்றாறு மணி நேரத்தில் எந்த அளவில் எத்தனை மீன் சாகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. தொட்டிகளைக் கவனிக்க கொளஞ்சியப்பன் என்று ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி இருந்தார். மீனைப் பற்றி அந்த அலுவலகத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவர் வாளியைத் தூக்கிய நேரத்தில் கண்காணிப்பாளர் தமயந்தி மேடம் ஃபைலோடு வந்தார்.

"தொண்ணூத்தாறு மணி நேரம் தொடர்ச்சியாவா?"

"ஆமா மேடம். நாலு நாளு" என்றார் கொளஞ்சியப்பன்.

"ராத்திரி யார் பாப்பாங்க?"

"நானே இருந்துக்கினு பாத்துக்கறங்க."

"நீங்க ஜெனரல் ஷிப்ட். எட்டரைக்கு உள்ள, அஞ்சரைக்கு வெளிய, நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாடு. எட்டு மணி நேரத்துக்கு மேல இருந்தா ஓ.டி. ஆகும். ஓ.டி. கூடாதுன்னு சர்க்குலர் இருக்கு."

"சும்மாவே இருக்கறங்க."

"சும்மா இருக்கறதுக்கும் அனுமதி வேணும்."

டாக்டர் செந்தில்நாதன் நெற்றியைத் தேய்த்தார். "அப்ப ராத்திரி மீன் மட்டும் தனியா இருக்கட்டுமே?"

"கண்காணிப்பு இல்லாத நேரத்துல சோதனை நடந்தா அது சோதனையே இல்ல சார். ஆடிட்ல கேப்பாங்க. ஆளும் மீனும் ஒரே ஷிப்ட்ல ஏறணும், ஒரே ஷிப்ட்ல இறங்கணும்."

டாக்டர் ஃபைலின் ஓரத்தில் கணக்குப் போட்டார். பிறகு டாக்டரின் முகம் மலர்ந்தது. நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம் வீதம் பன்னிரண்டு வேலை நாள் என்றால் சரியாகத் தொண்ணூற்றாறு. பெருக்கிப் பார்த்தோம். தப்பே இல்லை. இரண்டு தடவை பெருக்கியும் அதே விடைதான் வந்தது.

அதன்படி காலை எட்டரைக்குக் கெண்டைகள் மருந்துத் தண்ணீரில் பணியேற்றன. பன்னிரண்டரைக்கு கொளஞ்சியப்பன் அவற்றை வலையால் அள்ளி வாளியில் நல்ல தண்ணீருக்கு மாற்றினார், உணவு இடைவேளை. ஒன்றரைக்கு மறுபடி மருந்து. அஞ்சரை மணிக்குச் சங்கு ஊதியதும் வாளி. சோதனை நேரத்தில் மீனுக்குத் தீனி போடக்கூடாது என்று விதி இருப்பதால், பணி முடிந்த பிறகு வயிறு நிறையத் தீனி. சனி, ஞாயிறு முழு ஓய்வு. ஒரே வாரத்தில் கெண்டைகள் கொஞ்சம் சதை போட்டிருந்தன. எங்கள் பிளாக்கில் பர்மனென்ட்டில் இருக்கும் பலருக்கே இந்த வசதி கிடையாது.

கொளஞ்சியப்பன் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா? இங்க நான் அஞ்சரைக்கு வாளியில எடுத்து வுடறன். கொளத்துல இருக்குற மீன அஞ்சரைக்கு யாருங்க எடுத்து வுடுவாங்க?"

டாக்டர் தமயந்தி மேடத்தைப் பார்த்தார். தமயந்தி மேடம் என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். "அது நம்ம செக்‌ஷன் இல்லப்பா" என்றார் டாக்டர். எனக்கு அந்தப் பதில் அன்றைக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. காயத்ரியின் படப்பிடிப்புக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

சாவே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கடைசித் தொட்டியில், மருந்து அதிகமாக இருந்த தொட்டியில், மூன்று மீன் இறந்தன. ஒன்று ஞாயிற்றுக்கிழமை வாளியில் இறந்தது. விடுமுறை நாள் சம்பவம் என்பதால் சோதனைக்குச் சம்பந்தமில்லை. இன்னொன்று உணவு இடைவேளையில் இறந்தது. அது அந்த மீனின் சொந்த நேரம். மூன்றாவது, வியாழக்கிழமை மூன்று மணிக்கு, பணிநேரத்திலேயே மல்லாந்துவிட்டது. ஆனால் இறப்புப் பதிவேட்டில் பர்மனென்ட் ஊழியர்தான் கையெழுத்துப் போட முடியும். தமயந்தி மேடம் அன்று அரை நாள் லீவு. மறுநாள் அவர் வருவதற்குள் அதைப் பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது. உடல் இல்லாமல் மரணத்தைப் பதிய விதியில் இடமில்லை. எனவே அது 'தகவலின்றிப் பணிக்கு வரவில்லை' என்று குறிக்கப்பட்டது.

அறிக்கை வந்தது. தொண்ணூற்றாறு மணி நேரம் முழுமையாகச் சோதிக்கப்பட்டதில் எந்த அளவிலும் மீன் இறப்பு ஏதும் பதிவாகவில்லை என்றும், ஆகவே மிக உயர்ந்த அளவே குளத்துக்கு உகந்தது என்றும் அதில் கண்டிருந்தது. குறைந்த அளவும் பாதுகாப்பானதுதானே, அதைப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நீலம் போதாது. அதைச் சொன்னதும் நான்தான்.

மருந்திடும் நாளை விழாவாகவே நடத்தினோம். ரிப்பன், மைக், சுண்டல். சோதனையில் தேறிய ஐம்பத்தேழு கெண்டைகளுக்கும் பணிநிறைவுப் பாராட்டு நடந்தது. வாளிக்குச் சால்வை போர்த்தினார்கள். டாக்டர் செந்தில்நாதன் கண்கலங்க, "இவர்களின் தியாகத்தால்தான் இந்தக் குளம் இன்று பாதுகாப்பானது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடிகிறது" என்று பேசி, வாளியைக் குளத்தில் கவிழ்த்தார். பின்னாலேயே மூட்டை மூட்டையாக மயில்துத்தம் இறங்கியது. கூட்டத்தின் ஓரத்தில் ஆதிலட்சுமி நின்றுகொண்டிருந்தார். நான் அவரிடம் போய், "பாத்தீங்களாம்மா, ஒரு மீன்கூடச் சாகலயாம்" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா சார்?"

"அறிக்கையில இருக்கும்மா."

அவர் கரையோரமாகத் தண்ணீரை நோக்கி நடந்தார்.

மறுநாள் காலை குளம் நீலமாக இருந்தது. போட்டோகிராபர் கேட்ட அதே நீலம். அதன் மேல், கரையிலிருந்து கரை வரை, வயிறு காட்டிக்கொண்டு கெண்டைகள் மிதந்தன. தையில் ஒவ்வொன்றும் கை நீளம் வந்திருக்கும். ஆதிலட்சுமி முட்டியளவுத் தண்ணீரில் இறங்கி ஒன்றொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு அப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை, ஒன்றாவது துள்ளாதா என்றுதான் இருக்கும். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே வெட்கமாக இருந்தது. இருந்தும் நின்றேன், ஏனென்றால் ஏழு மணிக்குப் படப்பிடிப்பு.

"மீனு ஃப்ரேம்ல வருதே தம்பி" என்றேன்.

"எடிட்ல எடுத்துடலாம் சார்" என்றார் போட்டோகிராபர்.

ஆல்பம் அருமையாக வந்தது. இரண்டாம் பக்கத்தில் காயத்ரிக்குப் பின்னால் நீலத் தண்ணீரில் ஒரு பெண் குனிந்து நின்றிருந்தார். அவரையும் எடிட்டில் எடுத்துவிட்டார்கள்.

ஆதிலட்சுமி மனு கொடுத்தார், விசாரணையும் நடந்தது. விசாரணை முடிவை என் கையாலேயே சங்கப் பலகையில் ஒட்டினேன். அதன் சாரம் இதுதான்: சோதனை முறைப்படியே நடந்துள்ளது. நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம் என்ற அளவில்தான் மருந்து பாதுகாப்பானது என நிரூபிக்கப்பட்டுள்ளது. மேற்படி குளத்து மீன்கள் எவ்வித அனுமதியுமின்றி இருபத்து நான்கு மணி நேரமும் குளத்திலேயே தங்கியிருந்தது தெரிய வருகிறது. பணிநேரத்துக்குப் பின் நேர்ந்த இழப்புக்கு அலுவலகம் பொறுப்பேற்க இயலாது. மனுதாரரின் நிலையைக் கருணையோடு பரிசீலித்து, இறந்த மீன்களை அப்புறப்படுத்தும் கான்ட்ராக்ட் வேலை அவருக்கே வழங்கப்படுகிறது.

அந்த வேலையை அவர் நன்றாகச் செய்ததால் அதே கான்ட்ராக்ட்டில் வேறு வேலைகளும் கொடுத்தார்கள். டாக்டருக்கும் நல்ல பெயர். அவர் அலுவலகத்தில் சோதித்த எதுவும் இதுவரை தோற்றதில்லை என்பதால் அக்கம்பக்கத்திலிருந்தெல்லாம் சோதனைக்குச் சாமான் வந்து குவிகிறது. பாராட்டுத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

நேற்றுக் காலை, சங்கப் பலகையில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. எங்கள் வட்டத்து மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் பாசி பிடித்திருந்ததால் உரிய மருந்து இடப்பட்டதாகவும், அது தொண்ணூற்றாறு மணி நேரச் சோதனையில் முழுமையாகத் தேறியது என்றும் எழுதி, கீழே டாக்டர் செந்தில்நாதன் கையெழுத்து. நான் அப்போதுதான் வீட்டில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தேன். தொட்டியடிக்கு ஓடினேன். இரும்பு ஏணியிலிருந்து ஆதிலட்சுமி இறங்கிக்கொண்டிருந்தார். கையில் பிரஷ்ஷும் வாளியும். விரல் நுனியெல்லாம் நீலம்.

"ஏம்மா, இந்தத் தண்ணியக் குடிக்கலாமா?"

"டெஸ்ட்டுல பாஸாயிடுச்சு சார். நல்லா குடிங்க."

இரண்டு எட்டு நடந்தவர், திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சரைக்கு நான் வாளி எடுத்துக்கினு வர்றன் சார். வாசல்லயே ரெடியா நில்லுங்க."