ஒன்பதாம் பி-யும் ஐந்தாம் தேதியும்

கணக்கு வாத்தியார் ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் பி.டி. மாஸ்டர் இன்னொரு கதவு வழியாக நழுவினார். அவ்வளவு வேகம் இல்லாத டிராயிங் மாஸ்டர், உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்தார். கையில் பாதி கடித்த பிஸ்கெட் இருந்தது.

"தூங்கறவருக்கு பிஸ்கெட் எதுக்கு மாஸ்டர்?"

"எழுந்ததும் பசிக்கும் இல்ல," என்றார் டிராயிங் மாஸ்டர், கண்ணைத் திறக்காமல்.

விஷயம் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்ததுதான். கணக்கு வாத்தியாருக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. பிறந்ததும் அவர் ஒரு மாதம் லீவில் போகிறார். அந்த ஒரு மாதத்துக்கு ஒன்பதாம் வகுப்பு பி பிரிவை யார் தலையில் கட்டுவது என்று ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வருகிறார்.

லீவு கொடுப்பதில் தலைமையாசிரியைக்கு ஆட்சேபமே இல்லை.

"சந்தோஷமாப் போயிட்டு வாங்க சார். ஆனா ஒரு கிளாஸ்கூட சும்மா உக்காந்திருக்கக் கூடாது. டைம்டேபிள் போடறவரே நீங்கதானே? உங்களுக்கு பதில் ஆளையும் நீங்களே போட்டுடுங்க."

அங்கேதான் வந்தது வினை. அந்தப் பள்ளியின் டைம்டேபிள் பல வருஷமாக அவர் கையில்தான் இருக்கிறது. ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு பெரிய பலகை. அதில் வரிசை வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஒரு சீட்டு, ஆளுக்கு ஒரு நிறம். யார் லீவு போட்டாலும் காலையில் வந்து இரண்டு சீட்டை இடம் மாற்றி மாட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்வார். மஞ்சள் சீட்டு அவருடையது. அதை மட்டும் அவர் கழற்றியதே கிடையாது. இப்போது கழற்றிப் பார்த்தபோது பலகை பொக்கை வாயாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குள் மணி அடித்தால் வகுப்பில் நிற்கிற மனிதர்தான். கேட்டைத் தாண்டிவிட்டால் அவருக்கும் கடிகாரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மனைவியோடு டாக்டரிடம் போக வேண்டிய நாளெல்லாம் ஏதாவது ஒரு சீட்டு எங்கேயாவது மாட்டிக்கொள்ளும். ஒரே ஒரு தடவை மூச்சிரைக்க ஓடிப் போய்ச் சேர்ந்தார். மனைவி டாக்டரைப் பார்த்து முடித்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"எல்லாம் நல்லாருக்காம். நாள் குறிச்சுட்டாங்க, அஞ்சாம் தேதி."

அன்றைக்கே காலண்டரில் ஐந்தாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். காம்பஸ் வைத்துப் போட்டார்.

மனைவிக்கு பஸ் கம்பெனியில், டிக்கெட் பதிவு செய்கிற வேலை. தன்னுடைய லீவு ஏற்பாட்டை அவள் ஒரே மதிய இடைவேளையில் முடித்துவிட்டாள். பக்கத்து சீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, எந்த டிரைவரிடம் எப்படிப் பேச வேண்டும், எந்தப் பயணியிடம் எப்படிப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

கணவனிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "தொட்டில், பொம்மை எதுவும் எனக்கு வேணாங்க. வலி வர்றப்ப நீங்க என் பக்கத்துல இருக்கணும். டாக்டர்கிட்டதான் தனியாவே போயிட்டு வந்தேன். அதுக்கும் தனியாப் போக எனக்கு பயமாருக்கு."

அவள் எதற்கும் பயப்படுகிறவள் இல்லை. அதனால் அந்த வார்த்தை கணக்கு வாத்தியாருக்குச் சுருக்கென்று தைத்தது. "என்ன ஆனாலும் இருப்பேன்மா," என்றார். மனசார சொன்னார்.

தூங்குகிற டிராயிங் மாஸ்டரைத்தான் முதலில் எழுப்பினார்.

"ஜியாமெட்ரி மட்டும்தான் மாஸ்டர். வட்டம், முக்கோணம், இவ்வளவுதான். நீங்க போடாத படமா?"

"போடலாம். ஆனா மதியச் சாப்பாட்டு நேரத்துல பசங்களை மேய்க்கிற வேலையிலேருந்து என்னை எடுத்துடணும்."

எடுத்துவிட்டார். அதை சயின்ஸ் டீச்சர் சீட்டில் ஏற்றினார். சயின்ஸ் டீச்சர், "அப்ப என் லேப் ரெண்டு பீரியடும் சேந்தாப்புல வரணும்," என்றார். சேர்த்துவிட்டார். அதற்காக விளையாட்டு பீரியட் மதியத்திலிருந்து காலை முதல் பீரியடுக்கு வந்தது. முதல் பீரியடில் ஓடிக் களைத்த பிள்ளைகள் இரண்டாம் பீரியடில் வரிசையாகத் தூங்கின. இரண்டாம் பீரியட் கணக்கு வாத்தியாருடையது.

போகட்டும் என்று, ஒத்திகைக்காக டிராயிங் மாஸ்டரை ஒன்பதாம் பி-க்குள் அனுப்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார். போர்டில் ஒரு முக்கோணம், பார்த்தால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். பிள்ளைகள் எல்லோரும் தலை நிமிராமல் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒன்பதாம் பி அவ்வளவு அமைதியாக இருந்து அவர் பார்த்ததில்லை. உள்ளே போனார்.

"மாஸ்டர், பரப்பளவு எங்கே?"

"முதல்ல நிழல் முடியட்டும் சார். வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னே தெரியாம பரப்பளவுக்கு எப்படிப் போறது?"

கணக்கு வாத்தியார் நேரே மைதானத்துக்குப் போய், ஓடப் பார்த்த பி.டி. மாஸ்டரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

பி.டி. மாஸ்டருக்குக் கணக்கு வரும், பழுதில்லை. ஆனால் அவருக்குக் கூரைக்குக் கீழே குரல் வராது. வகுப்பையே மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாயில் விசில். தப்பாகப் போட்டவன் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும், அவ்வளவுதான் விதி. கொஞ்ச நேரத்தில் ஒன்பதாம் பி முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. ஏழும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டால், நாற்பது என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடியது. சரியாகச் சொன்ன ஒரே ஒரு பெண் மட்டும் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன மாஸ்டர் இது?"

"மூச்சு நல்லா வருது சார் பசங்களுக்கு," என்றார் பி.டி. மாஸ்டர் பெருமையாக.

இனி யாரையும் நம்பிப் பிரயோஜனமில்லை என்று கணக்கு வாத்தியாருக்குப் பட்டது. லீவு மாதத்துப் பாடத்தையெல்லாம் தானே முன்கூட்டி நடத்தி முடித்துவிட்டால்? இதை முதலிலேயே யோசிக்காமல் போனோமே என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். டிராயிங் மாஸ்டரிடம் சில பீரியட், பி.டி. மாஸ்டரிடம் சில, சயின்ஸ் டீச்சரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சில என்று, ஒவ்வொன்றுக்கும் பதிலாகப் பிறகு அவர்கள் வகுப்பைத் தான் பார்ப்பதாகச் சொல்லி வாங்கி, ஒன்பதாம் பி-யைக் கணக்கால் அடித்துத் துவைத்தார். பள்ளி விட்ட பிறகும் நடத்தினார். வீட்டுக்கு வரும்போது மனைவி தனியாகச் சாப்பிட்டு முடித்திருப்பாள். அவர் பங்கு மூடி வைத்திருக்கும்.

"எவ்வளவு தூரம் வந்திருக்கு உங்க லீவு?" என்று கேட்பாள்.

"முடிஞ்சுடும்மா. இன்னும் ரெண்டே சீட்டுதான்."

"சரி," என்பாள். கோபப்பட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

பாடம் ஒருவழியாக முடிகிற சமயத்தில் டிராயிங் மாஸ்டர் பலகை முன்னால் வந்து நின்றார்.

"சார், நீங்க வாங்கின பீரியடெல்லாம் எப்பத் திருப்பித் தரப் போறீங்க?"

"லீவுலேருந்து வந்து தரேன் மாஸ்டர்."

"அதெப்படி? அடுத்த மாசம் எனக்கு ஓவியக் கண்காட்சி. அப்பத்தான் என் கிளாஸையெல்லாம் நீங்க பாத்துக்கணும்."

பி.டி. மாஸ்டருக்கும் அடுத்த மாதம்தான் போட்டிகள். சயின்ஸ் டீச்சருக்கும் அடுத்த மாதம்தான் வேண்டுமாம். ஏன் என்று அவர் சொல்லவில்லை. மற்றவர்கள் கேட்கும்போது தான் மட்டும் ஏன் விட வேண்டும் என்பது முகத்தில் தெரிந்தது. அவர்கள் சீட்டு இருந்த இடத்திலெல்லாம் தன் சீட்டை ஒவ்வொரு பீரியடாகப் பலகையில் மாட்டிவிட்டு, கணக்கு வாத்தியார் தள்ளி நின்று பார்த்தார். லீவு மாதம் முழுக்க மஞ்சளாக இருந்தது. சாதாரண மாதத்தில்கூட அவருக்கு அத்தனை வகுப்பு கிடையாது.

அப்போதுதான் ஐந்தாம் தேதி வந்தது.

அன்று பள்ளியிலிருந்து நாலைந்து தடவை போன் செய்தார். "வலி வருதாம்மா?"

"இல்லீங்க. நீங்க வேலையைப் பாருங்க."

ஆறாம் தேதியும் வரவில்லை. ஏழாம் தேதியும் வரவில்லை. முதலில் தப்பித்தோம் என்றிருந்தது. பிறகு பயம் பிடித்துக்கொண்டது. மனைவி, "கேட்டுட்டேன், ஒரு குறையும் இல்லையாம்," என்றாள். மனம் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கே போன் செய்தார்.

"உங்க வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க சார்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"ஒரு குறையும் இல்லைன்னாங்க."

"அப்ப இல்ல சார்," என்று போனை வைத்துவிட்டாள்.

இப்படியே பத்து நாள் போய்விட்டது. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி நாற்காலியிலேயே தூங்கிப் போயிருந்தாள். வீங்கின கால் இரண்டும் முக்காலியின் மேல். வாசல் ஓரமாக ஆஸ்பத்திரிக்குக் கட்டி வைத்த பை. கணக்கு வாத்தியார் செருப்பைக்கூடக் கழற்றாமல் கீழே உட்கார்ந்து அவள் வயிற்றையே பார்த்தார். உள்ளே ஒரு ஜீவன், சொன்ன தேதிக்கு வராமல், அப்பனுக்கு நேரம் ஒழிகிற வரைக்கும் காத்துக்கொண்டிருக்கிறது. ஊருக்கெல்லாம் ஆள் போடத் தெரிந்த நமக்கு, இவள் பக்கத்தில் நாம் இல்லாவிட்டால் போட ஆளே கிடையாது என்று இத்தனை நாள் புரியவில்லையே என்று நினைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் காலை, மணி அடிப்பதற்கு முன்பே தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

"மேடம், என்னால ஆள் போட முடியல. ஒன்பதாம் பி சும்மாதான் உக்காந்திருக்கும். என்ன நடவடிக்கை வேணா எடுத்துக்குங்க. என் சம்சாரத்துக்கு வாக்கு கொடுத்திருக்கேன். நான் கிளம்பறேன்."

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நடவடிக்கை எதுக்கு? நான் எடுக்கறேன் ஒன்பதாம் பி-யை. ஹெச்.எம். ஆகறதுக்கு முன்னாடி நானும் கணக்கு டீச்சர்தானே?"

கணக்கு வாத்தியாருக்கு அது தெரியாததல்ல. ஆனால் பலகையில் தலைமையாசிரியைக்குச் சீட்டே கிடையாது. சீட்டு இல்லாத ஆள் அவர் கண்ணில் பட்டதில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்?"

"நீங்க கேக்கவே இல்லையே. பி.டி. மாஸ்டர் வரைக்கும் போனீங்க, என்கிட்ட வரலை. சாக்பீஸ் பிடிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா எனக்கு?"

"அந்த பீரியட் பாக்கியெல்லாம்..."

"அதையும் நான் பாத்துக்கறேன். யார் வந்து என்கிட்ட பாக்கி கேக்கறாங்கன்னு பாக்கலாம். நீங்க கிளம்புங்க சார்."

கிளம்பினார். வழியில் யாரோடும் பேசவில்லை, எந்தக் கடையிலும் நிற்கவில்லை. கதவைத் திறந்த மனைவி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் போன்.

"உங்களுக்குத்தான் போட எடுத்தேன். காலையிலேருந்து விட்டு விட்டு வலிக்குதுங்க."

"வந்துட்டேம்மா," என்றார் கணக்கு வாத்தியார். "லீவு போட்டுட்டேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்த பார்வைக்காக அப்படிப் பத்துப் பலகையை அவர் போட்டு உடைத்திருப்பார்.

டாக்ஸியிலும் பக்கத்தில் இருந்தார், பிரசவ அறையிலும் பக்கத்தில் இருந்தார். அவர் கையை அவள் பிடித்த பிடியில் மோதிர விரல் நசுங்கிவிட்டது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல், "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று, ஒன்றும் தெரியாவிட்டாலும், சொல்லிக்கொண்டே இருந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த உடனே ஆஸ்பத்திரி அதிர அழுதது.

மனைவி களைத்துக் கண்ணை மூடியிருந்தாள். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். பிடிக்கத் தெரியாமல் பிடித்து, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"என்ன பொறுமை பாத்தீங்களா சிஸ்டர் என் பொண்ணுக்கு? அப்பாவுக்கு லீவு கிடைக்கணுமேன்னு பத்து நாளாக் காத்திருந்து வந்திருக்கா."

நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"எந்தப் பத்து நாள் சார்? டாக்டர் குறிச்ச நாளே நாளைக்குத்தான். உங்ககிட்ட மட்டும் அஞ்சாம் தேதின்னு சொல்லணும், அப்பத்தான் நேரத்துக்கு வந்து சேருவாருன்னு, உங்க வீட்டுக்காரம்மா முதல் மாசமே எங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுட்டாங்க."