வெயில் உண்ட சுவாமியும் ஒரு பூட்டும்

வந்திருந்தவர்கள்: மோதி பாக் குவார்ட்டர்ஸ் கிளார்க்குகள், அரைநாள் லீவில். அவர்கள் மனைவிமார், சால்வை போர்த்தி. லோதி ரோட்டிலிருந்து சைக்கிளில் வந்த செக்‌ஷன் ஆபீசர் சேஷன். நடுவில் சுவாமி கிரணானந்தா. மூளை மட்டும் வரவில்லை. அது நெடுநாள் லீவில் இருந்தது.

சுவாமி பல வருஷமாகச் சாப்பிடவில்லையாம். தண்ணீரும் கிடையாது. வெயில்தான் ஆகாரம். ஜனவரி மூடுபனியில் டெல்லிக்கே சூரியன் தெரியவில்லை. சுவாமியின் தொந்தி குறையவில்லை.

"சேமிப்பு," என்றார் சேஷன். பிராவிடெண்ட் ஃபண்டு வைத்திருந்தவர்களுக்கு அது உடனே புரிந்தது.

சுவாமி தங்கியது கிளார்க் ஜம்புவின் வீட்டில். ஜம்புவுக்குச் சர்க்கரை வியாதி, தினமும் இன்சுலின். "நாளை முதல் ஊசி வேண்டாம். வெயில் போதும்," என்று அருளினார் சுவாமி.

ஜம்புவின் மனைவி ருக்மிணி கணவனைத் தனியே பிடித்தாள்.

"ஏன்னா, வெயிலைச் சாப்பிடறது இலை. உங்களுக்கு இலையா முளைச்சிருக்கு? ஊசி இல்லேன்னா சர்க்கரை ரத்தத்திலேயே நிக்கும், உடம்புக்குச் சேராது. ஆளே போயிடுவேள்."

"சுவாமியைச் சோதிக்காதே, ருக்கு."

"அவரை எதுக்கு? கதவைத்தான்."

மறுநாள் விடியுமுன் கக்கூசைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். கூட்டம் கூடியதும் சொன்னாள்: "உள்ளே ஒண்ணும் போகலேன்னா வெளியேயும் போகாது. சுவாமிக்கு இது எதுக்கு?"

"கரெக்ட் பாயிண்ட்," என்றார் சேஷன். பக்தர்கள் கைதட்டினார்கள்.

சுவாமி முதலில் புன்னகைத்தார். பஜனை தொடங்கியது. பிறகு வியர்த்தார், ஜனவரியில். முன்னும் பின்னும் ஆடினார். "பரவசம்," என்றார்கள். பக்கத்து வீட்டுக் கக்கூசைக் கேட்கலாமென்றால் எல்லா வீட்டிலும் பக்தர்கள்.

"தாயே, சாவி."

"வெயில் சாப்பிட்டவாளுக்கு எதுக்கு?"

"ஜல்தி, அம்மா."

"நேத்து என்ன சாப்பிட்டேள்?"

சுவாமி கண்ணை மூடினார். "ராஜ்மா. சோறு. ரெண்டு பிளேட்."

"எப்படி வந்தது?"

"கமண்டலத்தில்."

பஜனை நின்றது. ஜம்பு சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்தார். "கண்ணாடி ஊசியைக் கொதிக்க வை, ருக்கு."

சேஷன் மட்டும் விடவில்லை. "கமண்டலத்துக்குள்ள போனா ராஜ்மாவும் வெயிலா மாறிடாதோ?"

"கொஞ்சம் யோசிங்கோ மாமா. அதுக்கு லீவு போட வேண்டாம்," என்று ருக்மிணி பூட்டைத் திறந்தாள்.

சுவாமி உள்ளே பாய்ந்தார். கதவு படாரென்று மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.