ஏரிக்கு அக்கரையில் ஓர் ஊசி

அன்பு அக்கா குன்வோருக்கு, தம்பி ஆல்கோட் வணக்கத்துடனும் கொஞ்சம் கொதிப்புடனும் எழுதுவது. டோர்ஸ்டன் அத்தானும் பூனையும் நலமென்று நம்புகிறேன். இங்கே நானும் நாயும் நலம். என் வீட்டுக்காரி சிக்னேவுக்குத்தான் மூட்டுவாதம் முற்றிக்கொண்டே போகிறது. போன வாரம் காபிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டாள். இன்னொரு குளிர்காலம் இப்படியே போனால் விரல்கள் நிமிரவே நிமிராதாம்.

ஏரிக்கு அக்கரையில் உங்கள் ஊரில், இதே வியாதியில் படுத்த அத்தானை எழுப்பி நடமாட விட்டதே, அந்தப் புது ஊசியைத்தான் நானும் கேட்டேன். சுகாதார நிலையத்துக்கு போன் போட்டால், "நாங்களே திரும்பக் கூப்பிடுகிறோம்" என்கிறது இயந்திரம். அது கூப்பிடும்போதெல்லாம் நான் தோட்டத்து நீராவிக் குளியல் குடிலில் இருக்கிறேன், கொட்டும் மழையில் அம்மணமாக ஓடிவந்து எடுப்பதற்குள் நின்றுவிடுகிறது, பார்த்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரர் இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேரிலேயே போனோம். டாக்டரம்மா, "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார். இவளோ, "பரவாயில்லைங்க. என்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனையோ பேரு" என்கிறாள்! எனக்கு வந்ததே ஆத்திரம். "அடியே, உனக்குப் பொத்தான்கூட நான்தானே போட்டுவிடறேன், அதைச் சொல்லேன்!" என்று கத்திவிட்டேன். அந்த அறையில் குரலை உயர்த்திய முதல் ஸ்வீடன்காரன் நானாகத்தான் இருப்பேன்.

டாக்டரம்மா பாவம். "எழுதிக் குடுக்க எனக்கும் ஆசைதாங்க. நம்ம மாவட்ட மருந்துக் குழு இன்னும் ஒத்துக்கலையே. ஏரிக்கு அந்தப் பக்கம் வேற மாவட்டம், அங்க இருந்தா எப்பவோ போட்டிருப்பாங்க."

"அவ்வளவுதானே? அந்தப் பக்கம் போயிட்டாப் போச்சு!" என்றேன்.

ஆகவே அக்கா, முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை கட்டில், நாய், சிக்னே எல்லாரையும் படகில் ஏற்றிக்கொண்டு உங்கள் மாடியில் குடியேறுகிறேன். "அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?" என்று இவள் முணுமுணுக்கிறாள். ஆயுசு பூரா யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருந்து இவள் கண்டது வீங்கின கைதான். அந்தக் கை மறுபடி ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைய வேண்டும். அதற்காக நான் எந்த மாவட்டத்துக்காரனாகவும் ஆவேன்.

அத்தானுக்கு வணக்கம், பூனைக்கு ஒரு தடவல். ஏரி உறைவதற்குள் வந்து சேர வாழ்த்தவும்.

தம்பி,
ஆல்கோட்

பி.கு.: தபால்தலை ஒட்டும்போது டாக்டரம்மா கூப்பிட்டார். எங்கள் குழு ஒத்துக்கொண்டதாம், செவ்வாய்க்கிழமை சிக்னேவுக்கு ஊசி. உங்கள் குழுவோ செலவு தாங்காமல் அடுத்த மாதத்தோடு ஊசியை நிறுத்துகிறதாம். நாங்கள் வரவில்லை. படகு மட்டும் சனிக்கிழமை வரும், இங்கேயே ஊசி போட்டுக்கொள்ள அத்தானை அதில் ஏற்றி அனுப்பவும். "எதுக்குத் தொந்தரவு?" என்று அவர் ஆரம்பித்தால், நீங்களும் கத்துங்கள்.