நிப்றாஸின் வலீமாவும் நான் உடைத்த பாதையும்

இனிமேல் சஹன் தூக்குவதில்லை என்று ஒரு சனிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில் முடிவெடுத்தேன்.

சஹன் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கலியாண வீடுகளில் பெரிய தட்டொன்றில் சோறும் இறைச்சியும் குவித்து, அதைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து சாப்பிடுவார்கள். சாப்பிடுகிறவனுக்கு அது பரக்கத். தூக்குகிறவனுக்கு இடுப்பு வலி. என் மனைவி றுஸ்னாவின் குடும்பத்தில் தூக்குகிறவன் நான்தான். கிழமை முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர் படிப்பித்துத் தொண்டை வரண்டு, ஞாயிற்றுக்கிழமையாவது படுப்போம் என்று பார்த்தால், அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் கலியாணம் முடித்துவிடுகிறார். இந்த ஞாயிறு அவளுடைய மாமா மகன் நிப்றாஸ். வலீமா விருந்து பாலமுனையில். நிப்றாஸ் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்கு நித்திரை வேண்டும், அவ்வளவுதான்.

வரமாட்டேன் என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நீங்கள் எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிக்காதவராக இருக்க வேண்டும். இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீட்டு உறுதிப் பத்திரம் பெண்ணின் பெயரில் இருக்கும். மருதமுனையில் நான் குடியிருக்கும் வீட்டில் என் பெயரில் இருப்பது ஒரு சைக்கிளும் அதன் பூட்டும். அந்த நிலையில் உள்ள மனிதன் முடியாது என்று சொல்வதில்லை. காரணம் சொல்வான்.

காரணம் என் லெப்டொப்புக்குள்ளேயே இருந்தது.

றுஸ்னா நெசவுக்காரர்களிடம் சாறி எடுத்து இணையத்தில் விற்கிறாள். அந்தக் கடையின் வெப்சைட்டைச் செய்தவன் நான். போன மாதம் அதை மலிவான ஷெயார்ட் ஹோஸ்டிங் ஒன்றுக்கு மாற்றினேன். ஒரே சேர்வரில் ஊர்ப்பட்ட பேர் ஆளுக்கொரு மூலையில் குடியிருக்கிற ஏற்பாடு அது. மாற்றியதும் கடை படுத்துவிட்டது. பக்கத்தின் தலையில் வருகிற கடைப் பெயர், காலில் வருகிற போன் நம்பர் எல்லாம் தனித்தனி ஃபைல்களில் இருக்கும். பக்கம் திறக்கும்போது அவற்றை எங்கே போய் எடுத்து வருவது என்று ஒரு பாதை எழுதிக் கொடுக்க வேண்டும். நானோ முழுச் சேர்வரும் என் வாப்பாவின் சொத்து என்ற நினைப்பில் பாதையை உச்சியிலிருந்து எழுதிவிட்டேன். அப்படியொரு ஃபைல் இல்லை என்று சேர்வர் வரிக்கு வரி சொன்னது. எனக்குக் கிடைத்த மூலையிலிருந்துதான் பாதை தொடங்க வேண்டும் என்று விளங்க ஒரு கிழமை பிடித்தது. வீட்டிலும் அதே நிலையில் இருக்கிறவனுக்கு அவ்வளவு காலம் பிடித்திருக்கக் கூடாது.

ஆனால் கலியாணத்துக்குப் பிறகு எனக்கு வாய்த்த நல்ல கிழமை அது ஒன்றுதான். யாரும் என்னைச் சந்தைக்கு விரட்டவில்லை. கேஸ் சிலிண்டர் தூக்கச் சொல்லவில்லை. நான் திரையைப் பார்த்துப் பாதை, பாதை என்று சத்தமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். றுஸ்னா தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போவாள்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை மஹ்ரிப் தொழுகைக்கு முன் லெப்டொப்பைத் திறந்தேன். பாதையில் ஒரேயொரு சொல்லை மாற்றினேன். கடை பொத்தென்று விழுந்தது. பெருநாளுக்கு ஓடர் வருகிற நேரம் என்று மனச்சாட்சி கொஞ்சம் உறுத்தியது. கொட்டாவி ஒன்று வந்ததும் உறுத்தல் போய்விட்டது.

“றுஸ்னா, பழையபடி பாதை பிழைச்சிட்டு,” என்றேன்.

அவள் போனில் கடையைத் திறந்து பார்த்தாள். “நல்லாத்தானே இருந்த. தானாப் பிழைக்குமா?”

“ஷெயார்ட் ஹோஸ்டிங் எண்டா அப்பிடித்தான். பல பேர் இரிக்கிற இடம்.”

“சரியாக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“நாளைக்கு முழுக்க இருந்தாத்தான் முடியும். வலீமாக்கு வரக் கிடைக்காது போல. அதுதான் எனக்குக் கவலை.”

சண்டை வரும் என்று நினைத்து மறுமொழிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சம்பந்தமில்லாமல் அம்மை நோயைப் பற்றி ஒன்று கேட்டாள்.

“உங்களுக்குச் சின்னதுல கொப்புளிப்பான் வந்த எண்டு மாமி சொன்னாங்கதானே?”

“ஓம். ஏன்?”

“சும்மாதான். நீங்க நிண்டு வேலையப் பாருங்க. கடைதான் முக்கியம்.”

இவ்வளவு சுலபமாக நான் எதிலும் வென்றதில்லை. தொழப் போகும்போது நடை கொஞ்சம் மாறியிருந்தது என்று நினைக்கிறேன்.

ஞாயிறு காலை வேன் வந்தது. றுஸ்னாவும் மகள் அப்ராவும் உடுத்து வெளிக்கிட்டு ஏறினார்கள். நான் படலையில் நின்று சோகமாகக் கைகாட்டினேன். உள்ளே பாய் விரித்தபடி இருந்தது. லெப்டொப் திரையில் நேற்றைய பிழைப் பக்கத்தையும் அப்படியே திறந்து வைத்திருந்தேன், யாராவது எட்டிப் பார்த்தால் தெரியட்டும் என்று.

வேன் புறப்படுவதற்குள் ஒரு ஓட்டோ வந்து நின்றது. றுஸ்னாவின் அக்கா சுஹறா ராத்தா கலியாண உடுப்போடு இறங்கினாள். பின்னால் அவளுடைய நாலு பிள்ளைகள். நாலு பேரின் மேலிலும் வெள்ளை மருந்து.

“அல்லாஹ் உங்களுக்கு நல்ல பலனைத் தரணும் தம்பி,” என்றாள் சுஹறா, கண் கலங்க. “இதுகள் நாலுக்கும் கொப்புளிப்பான். எனக்கு வலீமா இல்லையெண்டுதான் இருந்தன். றுஸ்னாதான் சொன்னா, நீங்க வீட்ட நிக்கிறீங்க, உங்களுக்கு முந்தியே வந்ததாம், தொத்தாதாம் எண்டு.”

நான் வேனைப் பார்த்தேன். றுஸ்னா யன்னலால் எனக்குக் கைகாட்டினாள். வேன் போய்விட்டது.

கொப்புளிப்பான் வந்த பிள்ளைகள் சுருண்டு படுத்திருக்கும் என்று நினைக்காதீர்கள். அது வந்த புதிதில். மாறுகிற கட்டத்தில், அடைபட்டுக் கிடந்த பலமெல்லாம் ஒன்றாக வெளியே வரும். மூத்தவன் காய்ந்த கொப்புளத்தைச் சொறிந்தான். அவனுடைய கையைப் பிடிக்கப் போனேன், இரண்டாவது பிள்ளை மருந்துப் போத்தலைச் சோபாவில் கவிழ்த்தாள். மூன்றாவது ஆள் லெப்டொப்பை மூடி அதன் மேல் ஏறி இருந்தான். கடைக்குட்டி காரணம் சொல்லாமல் அழுதது. நான் பாயில் சாய்ந்ததும் நாலு பேரும் என் வயிற்றைத் தாண்டித் தாண்டிப் பாய்ந்தார்கள். சாச்சா செத்துப்போயிட்டார் என்று மூத்தவன் மற்றவர்களுக்கு அறிவித்தான். நான் மறுக்கவில்லை.

பகல் ஒன்றரை மணிக்கெல்லாம் தோற்றுவிட்டேன். சஹன் தூக்குவது எவ்வளவு அமைதியான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. தட்டு அழாது. சொறியாது. ஒரு கையால் கடைக்குட்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் லெப்டொப்பைத் திறந்து, பாதையில் மாற்றிய சொல்லைப் பழையபடி போட்டேன். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். கடை பளிச்சென்று வந்து நின்றது. உடனே றுஸ்னாவுக்கு போன் எடுத்தேன்.

“றுஸ்னா, பாதையச் சரியாக்கிட்டன். சஹன் தூக்க ஆளில்லாம கஷ்டப்படுவீங்க, நான் வாறன். சுஹறா ராத்தா சாப்பிட்டா அனுப்பிவிடு.”

“கடை நேத்தே சரியாயிட்டே, அப்ராட வாப்பா.”

எப்படி என்று கேட்டேன். அவள் சாவகாசமாகச் சொன்னாள். போன மாதம் நான் சரியாக்கிய உடனேயே முழுக் கடைக்கும் ஒரு நகல் எடுத்து வேறொரு போல்டரில் வைத்தாளாம். ஹோஸ்டிங் கணக்கும் அவளுடைய பெயரில்தான். நேற்று நான் மஹ்ரிபுக்குப் போன நேரம் கடையின் இணைய முகவரியை அந்தப் போல்டருக்குத் திருப்பிவிட்டாளாம்.

“போல்டர் மாறினா பாதையும் மாறுமே,” என்றேன், கடைசியாக மிச்சமிருந்த மரியாதையைப் பிடித்துக்கொண்டு.

“அதையும் மாத்தினன். ஒரு கிழமையா நீங்க பாதை பாதையெண்டு கத்தினத நானும் கேட்டுக்கிட்டுத்தானே நிண்டன். உங்கட போல்டர இப்ப ஒருத்தரும் பாக்கிறல்ல. ஆசைக்கு உடைச்சி உடைச்சிச் சரியாக்குங்க.”

கடைக்குட்டி என் காதைப் பிடித்து இழுத்தது. “சரி, அதெல்லாம் கிடக்கட்டும்,” என்றேன். “அங்க சஹன் ஆர் தூக்கிற?”

“இந்த முறை சமையல்காரனே ஆள் கொண்டு வந்திரிக்கான்,” என்றாள் றுஸ்னா. “மத்த மருமகன்மாரெல்லாம் சாப்பிட்டுப்போட்டு மாமரத்துக்குக் கீழ நல்ல நித்திரை.”